மூச்சு வாங்காத கருவி: பைப் ஆர்கனும் தேவாலயமும்

பைப் ஆர்கனை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அது ஓர் இசைக்கருவி என்றே தோன்றாது. தேவாலயத்தின் பின்பக்கத்து மாடத்தில் வெள்ளி நிறக் குழாய்கள் வரிசையாக நிற்கும். சுற்றிலும் செதுக்கிய மரச்சட்டம், மேலே எக்காளம் ஊதும் தேவதூதர் சிலைகள். கட்டடத்தின் அலங்காரங்களில் ஒன்று என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். பிறகு யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்துவார். அந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. சுவர், கூரை, உட்கார்ந்திருக்கும் பெஞ்சு எல்லாமே ஒலிக்கும்.

கட்டைகள் இருப்பதால் பலரும் இதைப் பியானோவின் உறவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஆர்கன் ஊதி ஒலிக்கிற கருவி. புல்லாங்குழலின் பரம்பரையில் வந்தது. ஊதும் வாய்க்குப் பதிலாகத் துருத்தி, துளையை மூடித் திறக்கும் விரலுக்குப் பதிலாக ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தனிக் குழாய். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை சுரம் துளியும் தேயாமல் நிற்கும். ஒரு நிமிடம் ஆனாலும் சரி, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் ஆர்கனின் வரலாறு எளிதாகப் புரியும் என்பது என் எண்ணம். மூச்சு வாங்கத் தேவையில்லாத ஒரு கருவி, மூச்சு வாங்கிப் பாடுகிற மனிதர்களுக்கு நடுவில் எப்படி வந்து அமர்ந்தது என்பதுதான் இதன் கதை.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் காற்று. துருத்திகள் காற்றை உள்ளே தள்ளும். பல நூற்றாண்டுகள் இதை மனிதர்கள்தான் செய்தார்கள். கையால் அழுத்தியும், துருத்தியின் கட்டைமேல் ஏறி மிதித்தும். இன்று மின்மோட்டார் செய்கிறது. அந்தக் காற்று நேராகக் குழாய்க்குப் போவதில்லை. தோல் மடிப்புகள் வைத்த ஒரு பெரிய பெட்டியில் சேர்கிறது. பெட்டியின் மேல்பலகையில் கனமான எடைகள் இருக்கும். அந்த எடை ஒரே சீராக அழுத்துவதால் உள்ளே இருக்கும் காற்றும் ஒரே சீராக வெளியே வரும். இங்கே சிறிது ஏற்ற இறக்கம் வந்தாலும் சுரம் நடுங்கிவிடும்.

இவ்வளவு பெரிய ஒலிக்கு அபார அழுத்தம் தேவைப்படும் என்று நினைப்போம். உண்மையில் பல ஆர்கன்களில் காற்றழுத்தம் 70 முதல் 100 மில்லிமீட்டர் வரை தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அளவுதான். ஒரு டம்ளர் தண்ணீருக்குள் உறிஞ்சுகுழலை விட்டு ஊதிக் குமிழி வரவழைக்க எவ்வளவு மூச்சு வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஆர்கனின் பலம் காற்றின் வேகத்தில் இல்லை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான குழாய்கள் சேர்ந்து ஒலிப்பதில் இருக்கிறது.

குழாய்கள் எல்லாம் ஒரு காற்றுப்பெட்டியின் மேல் நிற்கின்றன. கட்டையை அழுத்தினால், மெல்லிய மரக்குச்சிகளும் நெம்புகோல்களும் கொண்ட ஒரு தொடர் இழுபட்டு, அந்தச் சுரத்துக்கான வால்வைத் திறக்கும். பழைய முறையில் இது முழுக்க மரத்தாலும் கம்பியாலும் ஆனது. அந்த வகையை வாசிப்பவர்கள் வால்வு திறக்கும் கணத்தை விரல் நுனியிலேயே உணர முடிகிறது என்பார்கள்.

கட்டைகளின் இரு பக்கமும் இழுக்கும் குமிழ்கள் இருக்கும். இவைதான் ஸ்டாப்புகள். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு முழு வரிசைக் குழாய்களைத் திறந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குரல். ஒன்று புல்லாங்குழல் போல மென்மையாக இருக்கும், ஒன்று வயலின் போல இழையும், ஒன்று எக்காளம் போல முழங்கும். வாசிப்பவர் இவற்றைக் கலந்து கலந்து தனக்கு வேண்டிய குரலை உருவாக்குகிறார். 60 ஸ்டாப்புகள் உள்ள ஓர் ஆர்கனில் ஏறத்தாழ 4,000 குழாய்கள் இருக்கலாம். வெளியே அழகாகத் தெரிபவை அதில் மிகச் சிறு பங்குதான்; மற்றவை எல்லாம் மரச்சட்டத்துக்குப் பின்னால் ஒரு காடு போல நெருங்கி நிற்கின்றன.

ஸ்டாப்பின் மேல் 8, 4, 16 என்று எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அடிக் கணக்கு. அந்த வரிசையின் மிகப் பெரிய குழாய் 8 அடி நீளம் என்றால், கட்டைகள் பியானோவில் ஒலிக்கும் அதே சுரத்தில் ஒலிக்கும். நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். இரட்டிப்பானால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். 32 அடிக் குழாயின் மிகத் தாழ்ந்த சுரம் நொடிக்கு சுமார் 16 அதிர்வுகள். மனிதக் காது பிடிக்கும் எல்லைக்கும் கீழே அது. அதைக் கேட்பது என்பதைவிட நெஞ்சுக்கூட்டில் உணர்வது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபக்கம், மிகச் சிறிய குழாய் பென்சிலைவிட மெல்லியதாக இருக்கும்.

குழாய்களில் இரண்டு இனம் உண்டு. பெரும்பாலானவை புல்லாங்குழல் இனம்: குழாயின் அடியில் ஒரு வாய் இருக்கும், காற்று அதன் விளிம்பில் மோதி ஒலியாகும். இன்னொன்று நாக்கு உள்ள இனம். நாதசுரத்தில் சீவாளி செய்யும் வேலையை அங்கே ஒரு பித்தளை நாக்கு செய்கிறது. எக்காளக் குரல்கள் எல்லாம் இந்த இனம்தான். குழாய்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத் தகட்டிலோ மரத்திலோ செய்வார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. வால்வு திறக்கும், மூடும், அவ்வளவுதான். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டாப்புகளைச் சேர்ப்பார்கள், எடுப்பார்கள். 1712 இல் லண்டனின் புனித மேக்னஸ் தேவாலயத்தில் ஆபிரகாம் ஜோர்டன் இன்னொரு வழியைக் கொண்டுவந்தார்: குழாய்களின் ஒரு பகுதியை ஒரு பெட்டிக்குள் அடைத்து, திறந்து மூடும் கதவு வைத்தார். கதவு திறக்கத் திறக்க ஒலி பெருகும். இன்றைய பெரிய ஆர்கன்கள் பலவற்றில் இந்தப் பெட்டி உண்டு.

இவ்வளவையும் இயக்குபவர் ஒரே ஆள். இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்து அடுக்குக் கட்டைகள் கைகளுக்கு. கால்களுக்குத் தனியாக ஒரு பெடல் வரிசை, அதில் தாழ்ந்த சுரங்கள். இதில் இன்னொரு சங்கடம், குழாய்கள் எட்டத்தில் இருந்தால் அழுத்திய சுரம் கொஞ்சம் தாமதமாகத்தான் காதுக்கு வரும். காதில் விழுவதற்கு முன்பே அடுத்த சுரத்துக்குப் போய்விடப் பழக வேண்டும்.

வாள்வீரர் களத்திலிருந்து

ஆர்கன் தேவாலயத்தில் பிறக்கவில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே பிறந்துவிட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்ற பொறியாளர் இதைச் செய்தார். முடிதிருத்துபவரின் மகன் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதியிருக்கிறார். டெசிபியஸுக்கு முன்னே இருந்த சிக்கல் இதுதான்: பம்பால் காற்றடித்தால் அது விட்டு விட்டுத்தானே வரும், அதைச் சீராக்குவது எப்படி? அவர் தண்ணீரைப் பயன்படுத்தினார். தொட்டித் தண்ணீருக்குள் கவிழ்த்த ஒரு கிண்ணத்துக்குள் காற்றை அடித்தார். காற்று உள்ளே போகப் போக தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு மட்டம் உயரும். உயர்ந்த தண்ணீர் தன் எடையால் காற்றைத் திருப்பி அழுத்தும். அந்த அழுத்தம் குழாய்களுக்குப் போகும். இதனால் இதை நீர் ஆர்கன் என்றார்கள். தண்ணீரின் வேலை, பின்னாளில் எடைப் பெட்டி செய்த அதே வேலை.

கிரேக்கத்தின் டியோன் நகரில் 1992 இல் நடந்த அகழாய்வில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இப்படிப்பட்ட ஒரு கருவியின் பாகங்கள் கிடைத்தன. புடாபெஸ்டில், பழைய ரோமானிய நகரமான அக்விங்கம் இருந்த இடத்தில், 1931 இல் இன்னொன்று கிடைத்தது. அதில் பதித்திருந்த வெண்கலத் தகடு அது கி.பி. 228 ஐச் சேர்ந்தது என்று சொல்கிறது. நான்கு வரிசை, வரிசைக்கு 13 என மொத்தம் 52 குழாய்கள்.

ரோமானியர்கள் இதை எங்கே வாசித்தார்கள் தெரியுமா? விருந்துகளில், நாடக அரங்குகளில், வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட களங்களில். லிபியாவின் ஸ்லிட்டன் என்ற ஊரில் கிடைத்த மொசைக் ஓவியத்தில், சண்டையிடும் வீரர்களுக்குப் பக்கத்திலேயே ஒருவர் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய நீரோ மன்னனுக்கு இந்தக் கருவிமேல் பெரும் மோகம் இருந்தது.

அந்தக் களங்களில் தங்கள் மக்கள் கொல்லப்படுவதைப் பார்த்த ஆதித் திருச்சபை இந்தக் கருவியை எப்படி ஏற்றுக்கொள்ளும்? அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, யோவான் கிறிசோஸ்தோம் போன்ற சபைத் தந்தையர்கள் ஆர்கனை மட்டுமல்லாமல் வழிபாட்டில் இசைக்கருவிகளையே ஏற்கவில்லை. கடவுள் கொடுத்த கருவி மனிதக் குரல், அது போதும் என்பது அவர்கள் நிலை. கிழக்கத்திய மரபுவழிச் சபைகளில் பெரும்பாலானவை இன்றுவரை அப்படியே கருவியில்லாமல் பாடுகின்றன. அந்த வழிபாட்டைக் கேட்டவர்கள் அதில் ஏதும் குறைவதாகச் சொல்ல மாட்டார்கள். கருவியில்லாமல் பாடுவதை இத்தாலிய மொழியில் 'அ கப்பெல்லா' என்கிறார்கள். சிற்றாலயத்தில் பாடுவது போல என்று பொருள். கருவியின்மையே கோயில் பாணியாக இருந்த காலத்தின் தடம் அந்தச் சொல்லில் நிற்கிறது.

ஓர் அரச பரிசு

ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி சிதைந்தபோது ஆர்கனும் அங்கே மறைந்துபோனது. கிழக்கில், கான்ஸ்டாண்டிநோபிளில், அரசவைக் கருவியாகத் தப்பிப் பிழைத்தது. பேரரசர் வரும்போது முழங்க வேண்டியது அதன் வேலை. 757 இல் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்கு அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். மேற்கு ஐரோப்பாவில் அது எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்தது என்பதற்கு, அந்த வருடத்து நிகழ்வுகளில் அதையும் ஆண்டுக் குறிப்பேடுகளில் எழுதி வைத்ததே சாட்சி. 826 இல் வெனிசைச் சேர்ந்த ஜியார்ஜியஸ் என்ற குரு, பெப்பினின் பேரனான லூயி மன்னருக்காக ஆகென் அரண்மனையில் ஒன்றைக் கட்டினார். இனி வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

அரண்மனையிலிருந்து ஆலயத்துக்கு வருவது இயல்பாகவே நடந்தது. இந்த நுட்பங்களைப் படித்து, செய்து பார்க்கும் அறிவும் உலோகமும் பொறுமையும் அந்தக் காலத்தில் துறவு மடங்களில்தான் இருந்தன. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் இருந்த ஆர்கனைப் பற்றி வுல்ஃப்ஸ்டன் என்ற துறவி ஒரு கவிதை எழுதினார். 400 குழாய்கள், 26 துருத்திகள், வியர்வை சொட்டக் காற்றடிக்கும் 70 ஆட்கள், நகரம் முழுவதும் கேட்கும் முழக்கம், காதைப் பொத்திக்கொள்ளும் மக்கள். கவிஞருக்கே உரிய மிகை இதில் இருக்கிறது. ஆனாலும் அந்தத் துறவி எவ்வளவு வியந்து போயிருந்தார் என்பது ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரிகிறது.

அந்தக் கால ஆர்கனில் மென்மையாக வாசிக்க வழியே இல்லை. ஒரு கட்டைக்குரிய எல்லாக் குழாய்களும் சேர்ந்தே ஒலிக்கும். வேண்டாத வரிசைகளை நிறுத்தி வைக்கும் வழி பதினைந்தாம் நூற்றாண்டில் பரவியது. ஸ்டாப் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். கட்டைகளும் இன்று போல மெல்லியவை இல்லை. ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் பேராலயத்தில் 1361 இல் நிக்கோலஸ் ஃபாபர் கட்டிய ஆர்கனை, பிற்காலத்தில் இசை அறிஞர் மைக்கேல் பிரட்டோரியஸ் படத்தோடு விவரித்திருக்கிறார். 20 துருத்திகள்; அவற்றை மிதிக்கப் பத்து ஆட்கள். மூன்று அடுக்குக் கட்டைகள், கூடவே பெடல். ஒரு ஸ்தாயிக்கு 12 சுரங்கள் என்ற இன்றைய அமைப்பு அதில் அப்போதே இருந்தது.

அதே ஊரில் இன்னொரு தேவாலயத்தில் இப்போது ஒரு விசித்திரமான நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், முடிந்தவரை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று குறிப்பெழுதிய ஆர்கன் படைப்பு ஒன்றை 2001 முதல் அங்கே ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். அது முடியும் ஆண்டு 2640. மொத்தம் 639 ஆண்டுகள். 1361 லிருந்து 2000 வரை எத்தனை ஆண்டுகளோ அத்தனை. ஒரு சுரம் மாறுவதற்கே மாதங்கள், ஆண்டுகள் ஆகும். காற்று இருக்கும்வரை சுரம் நிற்கும் என்ற அந்தப் பழைய குணத்தை இதைவிட நேராக யாரும் காட்டிவிட முடியாது.

ஆலயத்தில் அதன் வேலை

சரி, வழிபாட்டில் ஆர்கன் என்னதான் செய்தது? பலர் நினைப்பது போல முதலில் அது பாட்டுக்குத் துணையாக வாசிக்கவில்லை. இடைக்காலக் கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டில் பாடகர் குழுவும் ஆர்கனும் மாறி மாறி வந்தன. ஒரு வரியைக் குழு பாடும். அடுத்த வரியை, வார்த்தை இல்லாமல், ஆர்கன் வாசிக்கும். கேட்பவர்கள் அந்த வரியை மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். 1600 இல் ரோமாபுரி வெளியிட்ட ஆயர்களுக்கான சடங்கு நூலில் எங்கெங்கே ஆர்கன் இப்படி வரலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். பாரிசின் இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரான் 1690 இல் வெளியிட்ட இரண்டு ஆர்கன் திருப்பலிகள் இந்த முறைக்காக எழுதப்பட்டவை.

பிறகு பதினாறாம் நூற்றாண்டில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன சீர்திருத்த இயக்கம் வந்தது. இங்கே ஆர்கனின் கதை இரண்டாகப் பிரிகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் அந்த இயக்கத்தின் தலைவர் உல்ரிச் சுவிங்லி ஆலயத்திலிருந்து ஆர்கனை வெளியேற்றினார். 1527 இல் அங்குள்ள பெரிய ஆலயத்தின் ஆர்கனை உடைத்தார்கள். சுவிங்லி இசை தெரியாதவர் இல்லை, பல கருவிகளை நன்றாக வாசிப்பவர். இசையின் சக்தியை அறிந்திருந்ததால்தான் அது வசனத்தை மூடிவிடும் என்று அஞ்சினார் என்று எனக்குப் படுகிறது. இங்கிலாந்தில் 1644 இல் நாடாளுமன்றமே ஆலயங்களிலிருந்து ஆர்கன்களை அகற்ற ஆணையிட்டது. 1660 இல் முடியாட்சி திரும்பிய பிறகுதான் அவை மீண்டும் எழுந்தன. நெதர்லாந்தில் வேறு மாதிரி. பல ஆர்கன்கள் நகர சபையின் சொத்து என்பதால் தப்பின. ஆராதனை நேரத்தில் வாசிக்கத் தடை இருந்த ஆம்ஸ்டர்டாமின் பழைய ஆலயத்தில், ஸ்வேலிங்க் என்ற மேதை ஆராதனைக்கு முன்னும் பின்னும் ஊர் மக்களுக்காக வாசித்தார்.

ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் வழியில் நடந்தது வேறு. சபையார் எல்லாரும், தங்கள் சொந்த மொழியில், சேர்ந்து பாட வேண்டும் என்று அவர் விரும்பினார். தொடக்கத்தில் கருவி இல்லாமலேயே பாடினார்கள். பயிற்சி இல்லாத ஐந்நூறு பேர் சேர்ந்து பாடினால் என்ன ஆகும் என்று எந்தக் கூட்டத்தில் பாடியவருக்கும் தெரியும். பாட்டு இழுத்துக்கொண்டே போகும், சுதி மெல்ல மெல்ல இறங்கும், முன்வரிசை ஒரு வார்த்தையில் இருக்கும்போது பின்வரிசை முந்தைய வார்த்தையில் இருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் ஆர்கன் இந்த இடத்துக்கு வந்தது. அதன் சுரம் தேயாது, சுதி இறங்காது, களைப்பு தெரியாது. அதன்மேல் சாய்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் பாடலாம். தன் குரல் நல்ல குரல் இல்லை என்று வாயைத் திறக்காமல் நிற்பவர்கூட, அந்தப் பெரிய ஒலிக்குள் கூச்சமில்லாமல் பாடிவிடுவார். ஆர்கன் ஆலயத்தில் நிலைத்துவிட்டதற்கு அதன் கம்பீரத்தைக் காரணமாகச் சொல்வார்கள். கூச்சப்படுகிறவரையும் பாடவைத்த இந்தத் துணைதான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அதில் ஒரு கலை இருக்கிறது. கருவிக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, பாடுகிறவர்களுக்கு வேண்டும். நல்ல ஆர்கனிஸ்ட் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கையைத் தூக்கிச் சபை மூச்செடுக்க இடம் விடுவார். அந்தச் சிறு மௌனத்தைக் கேட்டுத்தான் ஐந்நூறு பேரும் ஒன்றாக அடுத்த வரியைத் தொடங்குகிறார்கள். பாடல் தொடங்குவதற்கு முன் அதன் மெட்டை ஞாபகப்படுத்தும் ஒரு முன்னிசையை வாசிப்பதும் அவர் வேலை. வடஜெர்மனியில் இந்த முன்னிசையே ஒரு பெரிய கலைவடிவமாக வளர்ந்தது.

பாக் என்ற இளைஞர்

ஆர்கனின் பொற்காலம் என்று பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியைச் சொல்வார்கள். ஆர்ப் ஷ்னிட்கர் ஹாம்பர்க்கின் புனித யாக்கோபு ஆலயத்துக்கு 1693 இல் கட்டி முடித்த ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆலயம் குண்டுவீச்சில் சேதமடைந்தபோது, குழாய்களை முன்கூட்டியே பாதுகாப்பாக எடுத்து வைத்திருந்தார்கள்.

பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற யொஹான் செபாஸ்டியன் பாக் 1703 இல், 18 வயதில், ஆர்ன்ஷ்டாட் என்ற சிறு நகரில் ஆர்கனிஸ்ட் ஆனார். 1705 இல் நான்கு வாரம் விடுப்புக் கேட்டு, பக்ஸ்டஹூட என்ற மூத்த கலைஞரைக் கேட்பதற்காக லூபெக் நகருக்குப் போனார். சுமார் 400 கிலோமீட்டர், நடந்தே போனதாகச் சொல்லப்படுகிறது. திரும்பி வரக் கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகிவிட்டது. சபை நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. எங்கே போயிருந்தாய் என்பதோடு இன்னொரு புகாரும் இருந்தது: பாடல்களுக்கு வாசிக்கும்போது விசித்திரமான மாற்றங்களைச் செய்கிறாய், அன்னிய சுரங்களைக் கலக்கிறாய், சபையார் குழம்பிப் போகிறார்கள். முன்னிசை நீளமாக இருக்கிறது என்று சொன்னபோது, ஒரேயடியாகச் சுருக்கிவிட்டார் என்றும் பதிவாகியிருக்கிறது.

இதில் நிர்வாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயமானது: பாட்டு சபையாருடையது. பாக்கும் தவறானவர் இல்லை. லூபெக்கில் கேட்டது அவர் காதில் நிறைந்திருந்தது. ஆலய ஆர்கனிஸ்ட் என்ற வேலைக்குள் எப்போதும் இருக்கும் இழுபறி இது. உச்சமான கலையைக் கொடுக்க வேண்டும், ஆனால் பின்வரிசையில் நிற்கும் பாட்டியின் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்கிவிடக் கூடாது. பின்னாளில் பாக் எழுதிய பாடல் முன்னிசைகளில் இந்த இரண்டும் பிணங்காமல் சேர்ந்து நிற்கின்றன.

புதிய ஆர்கன்களைச் சோதிக்கவும் பாக்கை அழைப்பார்கள். அவர் முதலில் செய்வது எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டு முழு பலத்தோடு வாசிப்பது. இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும் என்பாராம். இதைச் சொன்னது அவருடைய மகன் இமானுவேல்.

பேராலயத்திலிருந்து அரங்குக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் அரிஸ்டீட் காவையே-கோல் ஆர்கனை ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா போல ஒலிக்க வைத்தார். பாரிசின் சான்-சுல்பிஸ் ஆலயத்தில் 1862 இல் அவர் முடித்த ஆர்கன் ஐந்து அடுக்குக் கட்டைகளைக் கொண்டது. அதை சார்ல்-மரி விடோர் 1870 முதல் 1933 வரை வாசித்தார். பாரிசின் ஆர்கனிஸ்டுகளுக்கு எழுதி வைத்ததை வாசித்தால் மட்டும் போதாது. நற்கருணை அப்பம் வாங்கும் வரிசை நீண்டால் இசையும் நீள வேண்டும்; குரு பீடத்துக்கு வந்துவிட்டால் அழகாக முடித்துவிட வேண்டும். அதனால் மனோதர்மமாக வாசிப்பது அங்கே ஆழ வேரூன்றிய கலையானது.

இதே காலத்தில் நகர மண்டபங்கள், பின்னர் திரையரங்குகள், கடைகள் வரை ஆர்கன் போனது. குழாய்களின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது இன்று எந்த ஆலயத்திலும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள ஓர் அரங்கில் இருக்கிறது, 33,000 குழாய்களுக்கும் மேல். 1935 இல் ஹாமண்ட் மின் ஆர்கன் விற்பனைக்கு வந்ததும், பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத பல ஆலயங்கள் அதை வாங்கின. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சுரத்துக்கும் காற்றிலிருந்து பிறக்கும் சுரத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு சிறு சபை பாடுவதற்குத் துணை கிடைத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பழைய ஆர்கன்களைக் காப்பாற்ற முன்நின்றவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் மருத்துவமனை நடத்தியவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் தேர்ந்த ஆர்கனிஸ்ட். ஓசையைப் பெரிதாக்கும் ஆசையில் பழைய ஆர்கன்களின் தெளிவைத் தொலைத்துவிடுகிறோம் என்று 1906 இல் ஒரு சிறு நூலே எழுதினார்.

ஐரோப்பாவுக்கு வெளியே போன ஆர்கன்களில் எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் ஊரில் இருப்பது. ஸ்பெயினிலிருந்து வந்த தியேகோ செரா என்ற குரு 1824 இல் அதைக் கட்டி முடித்தார். 1,031 குழாய்களில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமல் இருக்க அந்த மூங்கிலை மாதக்கணக்கில் கடற்கரை மணலில் புதைத்து வைத்துப் பதப்படுத்தினாராம். அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

மௌனமும் ஒரு வேலைதான்

கத்தோலிக்க வழிபாட்டில் ஆர்கன் ஒலிக்காத நாட்களும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அது பாடலுக்குத் துணையாக மட்டுமே வரலாம். தனியாக வாசிக்கக் கூடாது, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடியதும் பல ஆலயங்களில் ஆர்கன் முற்றிலும் அடங்கிவிடும். வெள்ளி முழுவதும் குரல் மட்டும். சனிக்கிழமை இரவு, பாஸ்கா திருவிழிப்பில், மீண்டும் 'உன்னதங்களிலே' தொடங்கும் கணத்தில் மணிகளோடு சேர்ந்து அது திரும்பி வரும். இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு அந்த முதல் ஒலி விழும்போது, உயிர்ப்பு என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

1963 இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம், லத்தீன் திருச்சபையில் பைப் ஆர்கனை மிக உயர்வாக மதிக்க வேண்டும் என்று எழுதியது. மனிதரின் மனதைக் கடவுளை நோக்கி வலிமையோடு உயர்த்தும் ஒலி அது என்று காரணமும் சொன்னது. வாள்வீரர் களத்துக் கருவி என்று தள்ளி வைத்த காலத்திலிருந்து அந்த வரிக்கு வர ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிசின் நோத்ர்தாம் பேராலயம் எரிந்தது. கூரை விழுந்தது, கோபுர முனை விழுந்தது. 8,000 குழாய்கள் கொண்ட பெரிய ஆர்கனைத் தீ தொடவில்லை. ஆனால் கூரையிலிருந்து உருகிய ஈயத்தின் தூசி அதன்மேல் படிந்திருந்தது. குழாய் குழாயாகக் கழற்றி, பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார்கள். சுதி சேர்க்க அமைதி வேண்டும் என்பதால், கட்டட வேலை நின்ற இரவுகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு குழாயாகச் சுதி சேர்த்தார்கள்.

2024 டிசம்பர் 7 அன்று ஆலயம் திறந்தபோது, பேராயர் மேலே இருந்த ஆர்கனை நோக்கி, ஓர் ஆளிடம் பேசுவது போலவே பேசினார். விழித்தெழு ஆர்கனே, புனிதக் கருவியே, கடவுளின் புகழைத் தொடங்கு என்றார். ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேலாக மூச்சற்றிருந்த குழாய்களிலிருந்து பதில் வந்தது. எட்டு முறை அழைத்தார். எட்டு முறையும் அது பதில் சொன்னது.